கூரை என்ன சுமக்கிறது?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டித்தான் காரவள்ளி அடிவாரத்துக்கு வருகிறார்கள். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையில் தலைக்கு மேல் வானம் தெரிய ஒரு திறந்த காரில் ஏற வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரக்கூடியதுதான்.

அந்த ஆசையோடு ஒரு பழைய காரும் சேர்ந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வாங்கியது. அப்பா காலத்தில் சரிசெய்வதற்காகப் பிரித்தார்கள், பாதியில் கைவிட்டார்கள். இப்போது அது கொட்டகையில் நான்கு கருங்கல்லின் மேல் நிற்கிறது. சீட்டில் கோழி அடைகிறது. கதவு ஒரு மூலையில், இன்ஜின் சாமான்கள் எண்ணெய் டின்னில். ஊருக்கு வந்த பேரன் அதைச் சுற்றிவந்து பார்க்கிறான். “கூரைதான் துருப்பிடித்துப் போயிற்றே, அதை வெட்டி எடுத்துவிட்டால் அழகான ஓப்பன் கார் ஆகிவிடுமே” என்று தோன்றுகிறது. பட்டறையில் கிரைண்டர் இருக்கிறது, வெல்டர் இருக்கிறார். ஒரு மதியத்தில் முடிந்துவிடும் வேலை.

வெட்டுவது ஒரு மதிய வேலைதான். அந்தக் கூரை அதுவரை எதைச் சுமந்துகொண்டிருந்தது என்று கேட்டுக்கொள்ளாமல் வெட்டினால், அதன்பின் அந்தக் கார் எந்த நாளும் காராக ஓடாது. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். காரை வெட்ட நினைப்பவருக்கு மட்டுமல்லாமல், யாரோ எப்போதோ வெட்டிய திறந்த காருக்கு விலை பேசுகிறவருக்கும் இது உதவும்.

லாரிக் கண்ணும் கார்க் கண்ணும்

நாமக்கல் வட்டாரத்தில் வண்டியின் உடம்பை யாரும் புதிராகப் பார்ப்பதில்லை. ஆலையிலிருந்து லாரி வெறும் சேஸியாக வருகிறது: இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், குறுக்கே சில சட்டங்கள், இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங். கேபின்கூட இல்லாத அந்தச் சேஸியைப் பலகையில் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர்கள் ஓட்டிவருவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே வந்த பிறகு பட்டறையில் அதன்மேல் பாடி கட்டுகிறார்கள். கட்டிய பாடியைக் கழற்றி வேறு பாடி வைக்கவும் முடியும். ஏனென்றால் பாரத்தைச் சுமப்பது சேஸி. பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பாரம்.

கார்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் சேஸியையும் இன்ஜினையும் மட்டுமே விற்றது. வாங்கியவர் தனக்குப் பிடித்த பாடி கட்டுநரிடம் அதைக் கொண்டுபோய்ப் பாடி கட்டிக்கொண்டார். ஒரே சேஸியில் ஒருவர் மூடிய கார் கட்டினார், இன்னொருவர் திறந்த கார் கட்டினார். தொடக்க காலத்துக் கார்களில் பெரும்பாலானவை திறந்தவையே. அமெரிக்காவில் மூடிய கார்கள் பெருவழக்காக ஆனதே 1920-களில்தான்.

பிறகு முறை மாறியது. தகடுகளை மடித்துப் பற்றவைத்து, காரின் உடம்பையே பாரம் தாங்கும் கூடாக்கும் வழி பரவியது. 1934-இல் வந்த பிரெஞ்சு சிட்ரோயன் கார் ஒன்று அதை வெகுஜனக் கார்களுக்குக் கொண்டுவந்தவற்றுள் முக்கியமானது. கூட்டுடம்பு என்று சொல்லத்தக்க இவ்வகைக் காருக்குத் தனிச் சேஸி கிடையாது. தரை, பக்கச் சுவர், கதவுத் தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்ததே சேஸி. நண்டுக்குத் தனி எலும்பு இல்லை, ஓடுதான் எலும்பு. அதைப் போல.

நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடரும் இந்த நண்டு வகைதான். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரானது அது. பம்பாயில் ஃபியட் 1100 என்று தொடங்கி 1974 முதல் பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்ற காரும் அதே வகை. ஆக, கொட்டகையில் கிடப்பது அம்பாசிடரோ ஃபியட்டோ என்றால் லாரிப் பட்டறையின் அனுபவமே வழிதவறச் செய்யும். “பாடிதானே, வெட்டினால் என்ன” என்று லாரிக் கண் சொல்லும். அங்கே வெட்டுப்படுவது பாடியின் பெயரில் இருக்கும் சேஸி.

தீப்பெட்டியும் பி.வி.சி. குழாயும்

இதைக் கையால் உணர ஒரு தீப்பெட்டி போதும். குச்சி வைக்கும் உள்தட்டு மேலுறைக்குள் முழுக்க இருக்கும்போது இரு முனைகளையும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். விறைப்பாக நிற்கும். இப்போது உள்தட்டை மட்டும் வெளியே எடுத்து முறுக்குங்கள். நாய்வால் மாதிரி வளையும். மேல்பக்கம் மூடியிருந்த பெட்டி மூடிய கார். மேல்பக்கம் இல்லாத தட்டு, கூரை வெட்டிய கார்.

காருக்கு எப்போது இந்த முறுக்கு வருகிறது? ஒரு கயிற்றுக் கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைத்தால் கட்டில் எப்படிக் கோணுமோ, அப்படி ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போதெல்லாம் கார் முறுக்கப்படுகிறது. கொண்டை ஊசி வளைவில் சாலை ஒரே நேரத்தில் திரும்பவும் செய்கிறது, ஏறவும் செய்கிறது, ஒரு பக்கம் சாயவும் செய்கிறது. முன்சக்கரம் ஒன்று உயரும்போது குறுக்கே எதிர் மூலையில் இருக்கும் பின்சக்கரத்தின் மேல் பாரம் கூடுகிறது. அடுத்த வளைவில் இதெல்லாம் தலைகீழ். கொல்லிமலைக்கு ஒருமுறை போய்வந்தால் 140 வளைவுகள். கூரை வெட்டிய காருக்கு இதைவிடக் கடுமையான தேர்வுக்கூடம் கிடையாது.

இன்னொரு சோதனை, இன்னும் முக்கியமானது. கிணற்றடியில் கிடக்கும் பி.வி.சி. குழாயில் ஒரு முழ நீளத் துண்டை எடுத்து முறுக்கிப் பாருங்கள். அசையாது. அதையே ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடாகக் கீறிவிட்டு முறுக்குங்கள். அதே பிளாஸ்டிக், அதே எடை. ஆனால் கையோடு சுருளும். மெல்லிய சுவர் கொண்ட குழாயில் இப்படி ஒரு கீறல் விழுந்தால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். காரணம், முறுக்கை எதிர்க்கும் விசை குழாயின் சுவரைச் சுற்றிச்சுற்றி ஓடுகிறது. கீறல் அந்த ஓட்டத்தை அறுத்துவிடுகிறது.

இந்த ஒரு பாடத்தை நினைவில் வைத்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும். கூரை போன பிறகு காரைத் தாங்கப்போவது கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிதான். வீட்டு மொழியில் சொன்னால் காரின் வாசற்படி. அது மூடிய குழாயாக இருக்கும்வரை பலம். அதில் துரு ஓட்டை போட்டிருந்தால், அல்லது பற்றவைப்பில் இடையிடையே விட்டிருந்தால், அது கீறிய குழாய். அந்த ஓட்டையைப் பட்டி பூசி மூடிப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்கு முழுசாகத் தெரியும். முறுக்குக்கு அது இன்னும் கீறல்தான்.

மெட்ராஸில் பிறந்த ஒரு விதிவிலக்கு

நம் ஊர்க் கார்களில் லாரிக் கண்ணோடு பார்க்கத்தக்க கார் ஒன்று உண்டு. அதைச் செய்ததும் தமிழ்நாட்டில்தான்.

மெட்ராஸில் 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், வண்டலூர் பக்கம் இருந்த தன் ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. 948 சி.சி. இன்ஜின், முதலில் இரண்டே கதவுகள். 1968-இல் வந்த மார்க் 3 வகைக்கு நான்கு கதவுகள். 1970-களில் அதன் இடத்துக்கு கெஜல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை இறக்கிப் பார்த்தார்கள். அது எடுபடவில்லை. 1988-இல் கார் உற்பத்தியே நின்றது.

ஹெரால்டின் மூலம் பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு. அதன் பிறப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1950-களில் மற்ற நிறுவனங்கள் எல்லாம் கூட்டுடம்புக் காருக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டைச் செய்த பிரிட்டன் நிறுவனமான ஸ்டாண்டர்டு டிரையம்ஃபுக்கு உடம்பு செய்து கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ தொழிற்சாலையை 1953-இல் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லாமல் போயிற்று. ஆகவே பழைய வழிக்கே திரும்பி, தனிச் சேஸி ஒன்றைச் செய்து, உடம்பைச் சிறுசிறு துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் அடித்து வாங்கிச் சேஸியின் மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி.

இதனால் ஹெரால்டின் முன்பக்க மூடி மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். வாசற்படித் தகடுகள் போல்ட்டில் நிற்கும். கூரையும் அப்படியே. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் பின்பக்கத்திலும் இருக்கும் போல்ட்களைக் கழற்றினால் நான்கு பேர் கூரையைத் தூக்கிக் கீழே வைத்துவிடலாம். பிரிட்டனில் 1959-இல் மூடிய காராக வந்த ஹெரால்டு, அடுத்த ஆண்டே திறந்த காராகவும் வந்ததற்கு இதுதான் காரணம்.

கிரைண்டர் தேவைப்படாத திறந்த கார் இது. வெட்டவில்லை, கழற்றினோம் என்பதால் வேண்டும்போது திரும்பப் பூட்டவும் முடியும். அதற்காக இது சும்மா கழற்றிவிட்டுப் போகிற வேலையும் அல்ல. சேஸி பெரும்பாரத்தைத் தாங்கினாலும் கூரையும் ஓரளவு கைகொடுத்துக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூண்கள் இரண்டும் கூரை போனதும் துணையில்லாமல் நிற்கும். அவற்றைக் குறுக்குச் சட்டத்தால் இணைத்தாக வேண்டும். நான்கு கதவு வகையில் நடுத்தூணின் உச்சி அந்தரத்தில் நிற்கும் என்பதால் இந்த வேலைக்கு இரண்டு கதவு வகையே ஏற்றது.

கொல்லிமலைக்காரர்களுக்குப் பழக்கமான ஜீப்பும் இதே கதைதான். அதன் அடியில் லாரிக்கு இருப்பது போன்ற ஏணிச் சேஸி இருக்கிறது. கித்தான் கூரையைக் கழற்றினால் ஜீப் எதையும் இழப்பதில்லை. அது திறந்த வண்டியாகவே பிறந்தது.

வேலைக்கு முன் காகிதம்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவது சட்டப்படி நடக்கிறது. காருக்குக் கூரையை எடுத்தால் மட்டும் ஏன் சிக்கல்? வித்தியாசம் இதுதான். லாரி ஆலையே வண்டியைச் சேஸியாக விற்கிறது. பாடி வெளியே கட்டப்படும் வண்டிக்கென்றே 22-ஏ என்ற படிவம் இருக்கிறது. அதன் ஒரு பகுதியை ஆலை நிரப்பித் தருகிறது, மறுபகுதியைப் பாடி கட்டியவர் நிரப்பித் தருகிறார். இரண்டும் சேர்ந்த பிறகுதான் வண்டி பதிவாகிறது. கார் அப்படி வருவதில்லை. முழு வண்டியாக ஆலையிலிருந்து வந்து, மூடிய கார் என்றே ஆர்.சி. புத்தகத்தில் ஏறுகிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆலை குறித்துத் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் வண்டி ஆர்.சி.யில் உள்ளபடி இருந்ததா என்பதாகவே இருக்கும்.

இன்னொரு விதியும் இருக்கிறது. அது பழைய கார் வைத்திருப்பவருக்குச் சாதகமானது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவுமுறையைக் கொண்டுவந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் வரும். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இருக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆய்வு, எரிபொருள், பழுது போன்றவற்றுக்காகச் சாலைக்கு வரலாம். அன்றாட ஓட்டத்துக்கு இல்லை. ஹெரால்டு கார்கள் எல்லாமே இன்று இந்த வயதைத் தாண்டியவை. ஆனால் நிபந்தனை ஒன்று: வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸி, உடற்கூடு, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தத் தகுதி கிடையாது.

ஆகவே கூரையைத் தொடுமுன் மூன்று வழிகளில் எது உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள். மூல வடிவத்துக்கே காரைக் கொண்டுவந்து பழம்பெரும் வாகனமாகப் பதிவது ஒன்று. ஜீப் போல, பிறப்பிலேயே திறந்ததாக இருந்து அப்படியே பதிவான வண்டி ஒன்றைத் தேடிப் பழுதுபார்ப்பது இரண்டாவது. இந்தக் காரையேதான் திறப்பேன் என்றால், அதை ஓடும் வண்டியாக எண்ணாமல் நிறுத்திவைத்து அழகு பார்க்கும் காட்சிப் பொருளாக ஏற்றுக்கொள்வது மூன்றாவது. “முதலில் வெட்டிவிடுவோம், அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்த்துக்கொள்ளலாம்” என்பது வழியே அல்ல. கேட்க வேண்டியதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கொட்டகையில் கிடப்பதை எடை போடுவது

பாதியில் நின்ற வேலைகள் பெரும்பாலும் பணமில்லாமல் நிற்பதில்லை. பிரிப்பதற்கு ஒரு நாள் ஆகிறது. எதை எங்கிருந்து கழற்றினோம் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. இரண்டு மாதம் கழித்து டின்னில் கிடக்கும் 200 போல்ட்டையும் பார்த்துக் கை ஓய்ந்துவிடுகிறது. அதனால் மறுபடி தொடங்குகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை, இருக்கிறதை எண்ணுவது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துணிப்பை, அதன்மேல் பெயர், கைப்பேசியில் ஒரு படம். என்ன இல்லை என்ற பட்டியல் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்பதையும் அன்றே பாருங்கள். பொருந்தாவிட்டால் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

அடுத்து உடம்பு. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியில் சுற்றி, காரின் மேல் ஓட்டிக்கொண்டே போங்கள். எங்கே ஒட்டாமல் நழுவுகிறதோ அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு டார்ச்சோடு காரின் அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் வாசற்படியின் அடிப்பக்கத்தையும், தரை சேரும் மூலைகளையும், பின்சக்கரப் பட்டை ஸ்பிரிங்குகள் மாட்டும் இடங்களையும் குத்திப் பாருங்கள். நல்ல தகடு “டிங்” என்று ஒலிக்கும். துருத்தகடு அப்பளம்போல் நொறுங்கும். கோழி அடைந்த காரில் சீட்டுக்கு அடியில் உள்ள தரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கோழி எச்சம் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும்.

நீண்ட நாள் நின்ற இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் பழைய ரப்பர் குழாய்களை அதைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பிரேக்கின் ரப்பர் வாஷர்கள், குழாய்கள் எல்லாம் புதியவை வேண்டும்.

இதையெல்லாம் முடித்து, கார் கூரையோடு ஒழுங்காக ஓடி, ஒழுங்காக நின்ற பிறகே கூரையைப் பற்றிப் பேச வேண்டும். ஓடாத காரின் கூரையை வெட்டியவர்களின் கார்கள்தான் மறுபடியும் கொட்டகைக்குப் போகின்றன, இம்முறை மழையும் உள்ளே இறங்கும்படியாக.

வெட்டும் வரிசை

கூட்டுடம்புக் காரில் கூரையை எடுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதில் வெட்டுவது கடைசிக்கு முந்தைய படி.

முதலில் காரைச் சமதளத்தில், சக்கரங்கள் பாரம் தாங்கும் இடங்களில் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். நான்கு கதவுகளின் இடைவெளியையும், குறுக்கும் நெடுக்குமாகத் தூணுக்குத் தூண் உள்ள தூரத்தையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். இந்த எண்கள்தான் பிற்பாடு சாட்சி.

இரண்டாவது, கதவுகளைக் கழற்றி, ஒவ்வொரு கதவுவாயிலிலும் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைப்பது. இடமிருந்து வலமாகவும் ஒன்று. அறுவைச் சிகிச்சைக்கு முன் உடைந்த காலுக்குக் கட்டும் சிம்பு மாதிரி.

மூன்றாவதுதான் உண்மையான வேலை: வாசற்படிகளின் துருவை வெட்டியெடுத்து, உள்ளே கனத்த தகட்டால் இன்னொரு பெட்டியைச் செருகி, இடைவெளியில்லாமல் பற்றவைப்பது. முன்பக்கம் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு தூணிலிருந்து மறுதூணுக்குக் குறுக்குக் குழாய். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டிச் சட்டம். முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள்ளும் பலக்குழாய், அடியில் முக்கோணத் தகடு. கூரை பிடித்துக்கொண்டிருந்த கண்ணாடி இனி தன் காலில் நிற்க வேண்டுமே. நான்கு கதவுக் காரென்றால் பின்கதவுகளை உடம்போடு பற்றவைத்து இரண்டு கதவாக்கிவிடுவது பலத்தைக் கூட்டும் பழைய உத்தி. பிரிட்டனில் மாரிஸ் மைனர் காரைத் திறந்த காராக்குகிறவர்கள் இதற்கான பலத்தகடுகளைத் தனித் தொகுப்பாகவே வாங்கிப் பொருத்துகிறார்கள். ஆலையில் செய்த திறந்த மைனரிலும் அப்படிப்பட்ட தகடுகள் உண்டு.

இத்தனைக்கும் பிறகுதான் வெட்டு. வெட்டிய பின் எழுதிவைத்த அளவுகளோடு ஒப்பிட்டு, மாறவில்லை என்றால் மட்டும் தற்காலிகக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் திறந்த கார் மூடிய காரைவிடப் பெரும்பாலும் கனமாகவே இருக்கும். கூரையில் போனது சில கிலோ. அதற்கு ஈடாகக் கீழே சேர்த்தது அதைவிட அதிகம். ஆலைகள் தயாரிக்கும் திறந்த கார்களிலும் இதே கணக்குதான். “கூரை எடுத்தாச்சு, வண்டி லேசாயிருச்சு” என்று விற்பவர் சொன்னால், அவர் எதையும் சேர்க்கவில்லை என்று பொருள்.

வெட்டிய காரை வாங்குகிறவருக்கு

சோதனை எளிது. காரின் ஒரு மூலையில் மட்டும் ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புங்கள். இப்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பழையபடி மூடினால் நல்லது. இடித்தாலோ திறக்கவே மறுத்தாலோ உடம்பு முறுக்கிக்கொள்கிறது. பள்ளம் மேட்டில் ஓட்டும்போது டாஷ்போர்டும் முன்கண்ணாடிச் சட்டமும் ஒரு பக்கமும், இருக்கை இன்னொரு பக்கமும் ஆடுவதுபோல் தெரிந்தாலும் அதே நோய். கதவு மூலைகளுக்குக் கீழே பெயிண்டில் முடிபோல வெடிப்பு ஓடியிருந்தால், அங்கே பட்டிக்கு அடியில் தகடு அசைந்துகொண்டிருக்கிறது. முன்கண்ணாடி அடிக்கடி விரிசல் விட்டதா என்றும் கேளுங்கள்.

மழையும் மலையும்

திறந்த காருக்கு ஒரு துணிக்கூரையாவது வேண்டும். தார்ப்பாய் தைக்கிறவருக்கும் குஷன் கடைக்காரருக்கும் தையல் தெரியும். கடினமானது அடியில் மடியும் இரும்புச் சட்டம். கம்பிகளின் நீளமும் கீல்களின் இடமும் கொஞ்சம் தவறினாலும் மூடும்போது துணி கிழியும், அல்லது விரித்ததும் தொய்ந்து காற்றில் படபடக்கும். முதலில் மரச்சட்டத்தில் மாதிரி செய்து மடக்கிப் பார்த்துவிட்டு இரும்பில் செய்வது நல்லது. கார்த்தரையில் ரப்பர் மூடியோடு நீர்த்துளைகள் வேண்டும். இல்லையென்றால் ஒரு ஐப்பசி மழையிலேயே புதுத் தரை பழையதாகிவிடும். முன்கண்ணாடி, உடைந்தாலும் சிதறாமல் ஒட்டிநிற்கும் இரட்டை அடுக்குக் கண்ணாடியாக இருக்கட்டும்.

கவிழ்ந்தால் காக்கக் கூரை இல்லை என்பதை மறக்கலாகாது. இருக்கைகளுக்குப் பின்னால் சேஸியோடு சேர்த்துப் பூட்டிய கனத்த வளைவுக் குழாயும், இடுப்போடு தோளையும் பிடிக்கும் பெல்ட்டும் இல்லாமல் திறந்த கார் முழுமையாகாது. அந்தக் காலத்து அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு எல்லாவற்றிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மலையிறங்கும்போது மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, மிதி இறங்கும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று லாரி டிரைவர்கள் சொல்வது இந்தக் கார்களுக்காகவே சொன்னதுபோல் இருக்கும்.

கடைசியாக, கொட்டகைக்கே திரும்புவோம். அங்கே நிற்பது அம்பாசிடரோ ஃபியட்டோ என்றால், அதன் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மலைக்காற்று வாங்கப் பழகிக்கொள்வது மேல். ஹெரால்டாக இருந்தால் கொடுத்துவைத்தவர். என்றாவது ஒருநாள் அதன் கூரையைக் கழற்றினாலும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள். போல்ட்களை ஒரு பையிலிட்டு, எது முன்விளிம்பு, எது பின்விளிம்பு என்று எழுதிப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த பேரன் வந்து கேட்கும்போது திரும்பப் பூட்டத் தெரிய வேண்டும்.